வரேன் சொல்லக் கூடாத வாசல்

அந்த இல்லத்தின் வாசலில் யாரும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத விதி அது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறவர் நர்ஸிடம் வாய் தவறி 'வரேம்மா' என்றால் கூட இருப்பவர்கள் பதறிப்போய் வாயைப் பொத்துவார்கள் இல்லையா, அதே கதைதான். ஊரில் மற்ற எல்லா வாசலிலும் 'போறேன்' என்பது அபசகுனம். எங்கள் வாசலில் 'வரேன்' அபசகுனம். வெளியே போகிற பெண் புதுப்புடவை கட்டிக்கொண்டு, குங்குமம் வைத்துக்கொண்டு, கேட்டைத் தாண்டும்போது 'போறேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். அவள் சரியாகச் சொல்கிறாளா என்று கவனிப்பது கேட்டு ஆயாவின் பொறுப்பு. ஆயா அதில் மகா கறார்.

இல்லம் அடையாற்றில், பாலத்தைத் தாண்டி, பெரிய பங்களாக்களுக்கும் சவுக்குத் தோப்புக்கும் நடுவில் இருந்தது. வீட்டு வேலை என்று சொல்லி அழைத்து வரப்பட்டு விற்கப்பட்டவர்கள், வீட்டை விட்டு ஓடி வந்து ரயில்வே ஸ்டேஷனில் படுத்துக் கிடந்து யார் கையிலோ சிக்கியவர்கள் என்று, போலீஸ் பிடித்து கோர்ட் உத்தரவோடு கொண்டு வந்து விடும் பெண்கள். யாருக்கும் பதினெட்டு நிறைந்திருக்காது. பதிவேட்டில் 'மீட்கப்பட்டவர்' என்று எழுதுவோம். அந்த வார்த்தையின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மீட்டு, ஆளுயர மதிலுக்குள் விட்டு, இரும்புக் கேட்டைப் பூட்டி, சாவியை ஆயாவின் இடுப்பில் செருகிவிடுவதற்குப் பெயர் மீட்பு. "முன்ன இருந்த வூட்லயும் ஒரு பொம்பள இடுப்புலதாங்க்கா சாவி இருந்துச்சு" என்று ஒருத்தி சாதாரணமாகச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதோடு சரி, மறுநாளும் அதே நேரத்துக்கு வேலைக்குப் போனேன்.

எனக்கு அங்கே எழுத்தர் வேலை. எழுபதுகளின் தொடக்கம், எனக்கு இருபத்து மூன்று வயது. மயிலாப்பூரில் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில் அண்ணாவோடும் மன்னியோடும் ஒரு போர்ஷனில் இருந்தேன். அப்பா, அம்மா இரண்டு பேரும் போன பிறகு எனக்கு எல்லாமே அண்ணாதான். அதை அவரும் நாள் தவறாமல் ஞாபகப்படுத்துவார். 'அனாதைப் பெண் குழந்தைகள் இல்லத்தில் வேலை' என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். பாதி உண்மைதான். அண்ணா அதையும் சுருக்கி, அக்கம்பக்கத்தில் ஸ்கூலில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

"வரன் அமையற வரைக்கும் போயிண்டு வந்துண்டு இரு. ஆத்துக்குக் கெட்ட பேர் வராம இருந்தா சரி" என்பார் அவர். என்ன மாதிரி இல்லம் என்று தெரிந்தால் மறுநாளே என் செருப்பை ஒளித்து வைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் பஸ் ஏறுவேன். அந்தப் பஸ்ஸில் கிடைக்கும் ஜன்னலோர இருபது நிமிஷம்தான் என் சொந்தச் சொத்து.

வேலை என்னவென்றால், புதிதாக வந்த பெண்ணிடம் விலாசம் கேட்டு ஒரு வாரத்துக்குள் உறவினருக்குக் கடிதம் போட வேண்டும். பிறகு இரண்டு பேராக அந்த வீட்டுக்குப் போய், அக்கம்பக்கத்தாரையும் விசாரித்து, அறிக்கை எழுத வேண்டும். அறிக்கை நன்றாக இருந்தால் கோர்ட் பெண்ணை அவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லும். என் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். தியாகராய நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பத்து அம்மாள் ஒருவர்தான் இல்லத்தின் செயலாளர். "நீ எழுதினா மாஜிஸ்திரேட் மறுபேச்சு பேச மாட்டாரும்மா" என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட்டார். அது என் தலைக்கு ஏறிவிட்டது. அன்றிலிருந்து திரும்பி வரும் கடிதம் ஒவ்வொன்றும் எனக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். பதினாறு வயது இருக்கும். ஒரு வீட்டில் ஏழு மாதம் பூட்டி வைத்திருந்தார்களாம். போலீஸ் வேனிலிருந்து இறங்கியவள் முதலில் மதிலைத்தான் அண்ணாந்து பார்த்தாள். பெயர், வயது எல்லாம் சொன்னாள். விலாசம் கேட்டதும் "ஆதம்பாக்கம்" என்று ஒரு தெருவைச் சொன்னாள். கடிதம் போட்டேன். 'அப்படி ஒருவர் இல்லை' என்று திரும்பி வந்தது.

"ஏன் பொய் சொன்னே?" என்றேன்.

"எளுதாதக்கா. எனக்கு யாரும் இல்லன்னு போட்டுக்கோ."

"யாரும் இல்லாம வானத்துலேர்ந்து குதிச்சியா?"

"அப்டியே வச்சுக்கோ."

தையல் கூடத்தில் இருந்த மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எழுதாதே என்று சொல்லாத பெண்ணே அங்கே கிடையாது. வீட்டுக்குத் தெரிந்தால் அவமானம், அடிப்பார்கள், ஊர் சிரிக்கும் என்று எல்லாருமே அழுவார்கள். பிறகு அம்மா வந்து கேட்டில் நின்றதும் ஓடிப் போய்க் கட்டிக்கொள்வார்கள். அப்படி இருபது முப்பது பேரைப் பார்த்த மிதப்பில் இவளையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டேன்.

அவள் கெட்டிக்காரி, நான் அவளை விடக் கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ள வேண்டுமே! தையல் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, காஜா எடுக்கச் சொல்லிக் கொடுக்கிற சாக்கில் பேச்சுக் கொடுத்தேன். ஒரு நாள் கலர் நூல்கண்டுகளைப் பார்த்துக்கொண்டே அவளாகச் சொன்னாள். "எங்க வூட்டு எதிர்ல ஒரு பாய் காத்தாடி ஒட்டுவாருக்கா. வாசல்ல கயிறு கட்டி கலர் கலரா காயப் போட்டிருப்பாரு. பின்னாலயே கூவம். நாத்தம் தாங்காது, ஆனா பாக்க சோக்கா இருக்கும்." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் ஒன்றும் கவனிக்காதவள் போல நூலை ஊசியில் கோத்தேன். கூவத்தை ஒட்டிய பேட்டை, காத்தாடி ஒட்டும் பாய் வீடு. இதற்கு மேல் என்ன விலாசம் வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். இரண்டு பேராகப் போக வேண்டும் என்பது விதி. இல்லத்து மேட்ரனுக்கு இரத்த அழுத்தம், பாதி நாள் படுக்கை, அவரை எங்கே கூட்டிக்கொண்டு போவது? நாலு சந்து சுற்றி அந்தக் காத்தாடிகளைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. பாய் பசைக் கிண்ணத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். வயதானவர், விரலெல்லாம் பசை. அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அல்லா, அந்தப் பொண்ணு உசுரோடவா கீது! சௌக்கியமாம்மா?" என்றார். பிறகு எதிர் வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த வூட்டுக்கேவா அனுப்பப் போறீங்கோ? நல்லா விசாரிச்சுக்கோங்கம்மா."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தேன். அவர் கையில் பாதி ஒட்டிய காத்தாடியோடு இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் நின்று கேட்டிருக்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், அண்ணா கேள்வி கேட்பார் என்பதுதான் என் மனதில் ஓடியது.

அந்த வீட்டில் இருந்தது அவளுடைய சித்தி. அம்மா செத்த பிறகு வளர்த்தவள். நெற்றியில் பெரிய பொட்டு, வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. பெண்ணின் பெயரைச் சொன்னதும் சுவரில் சாய்ந்து அழுதாள். "எங்கக்கா பெத்த மவம்மா அது. கண்ணுக்குள்ள வச்சு வளத்தேன். வேலைக்குப் போன எடத்துல எந்தப் பாவி இஸ்துகினு போனானோ." ரேஷன் கார்டை எடுத்து வந்து காட்டினாள். அதில் அவள் பெயர் இருந்தது. எனக்குக் கலர் சோடா வாங்கி வரச் செய்தாள். பத்து நிமிஷம் இருந்திருப்பேன். அன்று மாலையே அறிக்கை எழுதினேன்: 'நேரில் சென்று பார்த்தோம். அக்கம்பக்கத்தாரையும் விசாரித்தோம். கௌரவமான குடும்பம். சித்தி பாசமுள்ளவர்.' பார்த்தோம், விசாரித்தோம் என்று பன்மை போட்டதும் நான்தான். ஒரு சோடாவுக்கு எழுதிக் கொடுத்த சர்டிபிகேட் அது.

கோர்ட் உத்தரவு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. அதற்கு முன்பே சித்தி ஒரு நாள் இல்லத்துக்கு வந்தாள். அவள் கேட்டுக்குள் நுழைந்ததைத் தையல் கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்த அந்தப் பெண், கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். எழுந்து போய்ச் சித்தி முன்னால் நின்றாள். சித்தி கட்டிக்கொண்டு அழுதாள். இவள் கை இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன. செயலாளர் அம்மாவுக்கே கண் கலங்கிவிட்டது. "அதிர்ச்சியில இருக்கா" என்றார்.

அன்று மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன பிறகு, அவள் என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

"எளுதிட்டல்ல?"

"உன் நல்லதுக்குத்தான்..."

"சித்திதாங்க்கா என்னிய வித்துச்சு. அடையாறு பங்களாவுல வேலன்னு சொல்லிச்சு. தல வாரி, பூ வச்சு, ரிக்‌ஷாவுல யாரோ ஒரு பொம்பள பக்கத்துல ஏத்தி வுட்டுச்சு. சத்தம் போடாம போன்னு சொல்லிச்சு. பாய் கூட பாத்துக்கினு இருந்தாரு."

"இதை மொதல்லயே ஏன் சொல்லலை?" என்று அவள் மேலேயே பாய்ந்தேன். என் கோபம் எப்போதும் தவறான ஆள் மேல்தான் பாயும்.

"எளுதாதன்னு சொன்னேனே. அதுக்கு மேல இன்னா சொல்றது? வளத்தவளே வித்தான்னு என் வாயால எப்படிக்கா சொல்லுவேன்?"

வெள்ளிக்கிழமை செயலாளர் அம்மாவின் கார் வந்ததும் அவர் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. போகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் தங்கள் கடையிலிருந்து ஒரு புதுப்புடவை தானே பார்த்து எடுத்து வருகிறவர். இந்தப் பெண்ணுக்கு மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் வைத்த புடவை. அது மேஜை மேல் இருந்தது.

"இந்தப் பிள்ளைங்க எல்லாமே ஆரம்பத்துல இப்படித்தான் ஏதாவது சொல்லும். வீட்டுக்குப் போகப் பயம்" என்றார். பிறகு ஃபைலைத் திறந்து என் அறிக்கையைப் படித்தார். "அக்கம்பக்கத்தாரை விசாரிச்சேன்னு எழுதியிருக்கியே. அவங்க ஒண்ணும் சொல்லலையே. விசாரிச்சியா இல்லையாம்மா? இல்லேன்னா சொல்லு, கோர்ட்டுக்கு எழுதிடலாம்."

கேள்வி அவ்வளவு நேராக வந்தது. இல்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் கோர்ட்டுக்குப் பொய் அறிக்கை கொடுத்தவள் ஆவேன். வேலை போகும். ஏன் போயிற்று என்று அண்ணா தோண்டித் துருவுவார். எந்த இடம் என்று தெரியும். அந்த ஜன்னலோரம் போகும். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"விசாரிச்சேம்மா" என்றேன்.

"அப்புறம் என்ன? மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று சொல்லி ஃபைலை மூடினார். அந்தப் பெண்ணை அவள் சித்தி ஒரு முறை விற்றாள். இரண்டாவது முறை விற்றது நான். எனக்கு அதில் கிடைத்தது பஸ்ஸில் ஒரு ஜன்னலோர இடம்.

அவள் போன நாளன்று மற்ற பெண்கள் அவளுக்குத் தலைவாரிப் பூ வைத்தார்கள். மாம்பழக் கலர் புடவையை நான்தான் கட்டிவிட்டேன். கொசுவத்தை அவளே மடித்துச் செருகிக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே சித்தி ரிக்‌ஷாவோடு நின்றிருந்தாள். ஆயா பூட்டைத் திறந்தாள். பெண் வாசலைத் தாண்டியதும் நின்று, திரும்பி, என்னைப் பார்த்தாள்.

"போய்ட்டு வரேங்க்கா."

ஆயா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்ய, இன்னா பேச்சு பேசற! போறேன்னு சொல்லு."

"வரேங்க்கா" என்றாள் மறுபடியும். அவள் பேச்சு என்னோடு மட்டும்தான். பிறகு போய் ரிக்‌ஷாவில் ஏறினாள். ஆயா நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னி "என்னடி, காமாலை கீமாலையா?" என்று கண்ணின் இமையை இழுத்துப் பார்த்தாள். சொல்லலாமா என்று நினைத்தேன். யாரிடம் சொல்ல? வீட்டில் சொன்னால் வேலை போகும், வேலையில் சொன்னால் வீடு போகும். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஏழெட்டு வாரம் கழித்து, ஒரு மத்தியானம் ஆயா என் மேஜைக்கு ஓடி வந்தாள். "யம்மா, அந்தப் பொண்ணு வந்து நிக்குது. தனியா."

கேட்டில் ஒரு சின்னத் திறப்பு உண்டு, முகம் மட்டும் தெரியும். அதன் வழியே பார்த்தேன். அதே மாம்பழக் கலர் புடவை, முழங்கால் வரை ஈர மணல். காலில் செருப்பு இல்லை. போன இரண்டாவது வாரமே அவளை மறுபடி விற்றுவிட்டாளாம் சித்தி. இந்தத் தடவை கொட்டிவாக்கம் தாண்டி, கடலோரத்தில் ஒரு தோப்பு வீடு. அன்று விடிந்ததும் வேலி தாண்டி, ரோட்டுக்கு வராமல், அலையை ஒட்டியே நடந்து வந்திருக்கிறாள்.

"வரேன்னு சொன்னேன்ல. தொறக்கா" என்றாள்.

ஆயா என்னைப் பார்த்தாள். நான் ஆயாவைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் விதி தெரியும். கோர்ட் உத்தரவில்லாமல், போலீஸ் கொண்டு வராமல், தானாக வந்து நிற்கிற யாரையும் உள்ளே எடுக்கக் கூடாது. எடுத்தால் கடத்தி வைத்திருக்கிறோம் என்று நம் மேலேயே கேஸ் வரும் என்று பயிற்சி கொடுக்கும்போதே சொல்லியிருந்தார்கள்.

"உத்தரவு இல்லாம உள்ள விட முடியாதும்மா. போலீஸ் கூட்டிட்டு வரணும்" என்றேன்.

"போலீசு சும்மா இட்டாருமா?"

"உன் மேல ஏதாவது கேஸ் இருந்தா, மாஜிஸ்திரேட் இங்கே அனுப்புவார்."

"கேஸு இருந்தாத்தான் உள்ள வுடுவீங்களா?"

"ஆமாம்" என்றேன். ஆபீஸ் புத்தி. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். "சாயந்திரம் அஞ்சு மணி வரைக்கும் அந்தப் புங்க மரத்தடியில உட்காரு. நான் ஸ்டேஷனுக்கு உன்னோட வரேன்."

என் டிபன் டப்பாவை அந்தத் திறப்பு வழியாகக் கொடுத்தேன். தயிர் சாதம். நின்றபடியே வாங்கிக்கொண்டாள். அப்போதே கேட்டைத் திறந்துகொண்டு நானும் வெளியே போயிருக்கலாம். அரை நாள் லீவு கேட்கலாம் என்றால் மேட்ரன் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பினால் கத்துவார். அல்லது அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு பஸ் ஏறினால் இருபது நிமிஷத்தில் மயிலாப்பூர். அங்கே எங்கள் வாசலில் அண்ணா நிற்பார். எந்தப் பக்கம் யோசித்தாலும் ஒரு கதவும் அதன் பின்னால் ஒரு ஆளும். ஐந்து மணிக்கு நான் வெளியே வந்தபோது மரத்தடியில் யாரும் இல்லை. டப்பாவைக் கழுவி, மூடி, மதில் மேல் வைத்திருந்தாள்.

கடற்கரைப் பக்கம் ஓடினேன், பஸ் ஸ்டாப்புகளில் தேடினேன். இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டியவள் எவ்வளவு தூரம் தேட முடியுமோ அவ்வளவுதான் தேடினேன்.

நாலாம் நாள் காலையில் போலீஸ் வேன் வந்தது. அவள் இறங்கினாள். தியாகராய நகர் கடைத்தெருவில், ஆள் நடமாடும் இடத்தில், நின்று ஆண்களைக் கூப்பிட்டதாகக் கேஸ். மாஜிஸ்திரேட் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாள். உடன் வந்த பெண் கான்ஸ்டபிள் என்னிடம் கையெழுத்து வாங்கும்போது, "இந்த மாதிரி பாத்ததே இல்லம்மா. எங்களப் பாத்து எல்லாம் ஓடும். இது எங்க எதிர்லயே வந்து நின்னுக்கினு கூப்புடுது" என்றாள்.

"வந்துட்டேங்க்கா" என்றாள் அவள். "கேஸோட வந்துகீறேன்."

அவள் அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். நான் கேட்ட காகிதத்தைக் கொண்டு வந்துவிட்டாள். ஆயா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்குப் பதிவேட்டைப் பிரிக்கவே கை வரவில்லை. பெயர், வயது, குற்றம் என்று வரிசையாக எழுதி, விலாசம் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"எளுதப் போறியாக்கா?" என்றாள்.

அவள் கெஞ்சவில்லை. நான் எப்படிப்பட்டவள் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. எழுதினால் மறுபடி கடிதம், மறுபடி ரேஷன் கார்டு, மறுபடி ரிக்‌ஷா. எழுதாமல் விட்டாலும் பழைய ஃபைலில் என் மணியான கையெழுத்தில் 'கௌரவமான குடும்பம்' அப்படியே இருக்கிறது. நான் அதை இல்லை என்று சொல்லாதவரை அவள் அந்த வீட்டுப் பெண்தான்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுச் சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் பசைக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். இந்தத் தடவை அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பார்த்ததை எல்லாம் சொன்னார். இரண்டு ரிக்‌ஷாக்களையும் பார்த்திருக்கிறார். எழுதிக்கொண்டேன். கீழே உருதுவில் கையெழுத்துப் போட்டார்.

"அன்னிக்கே சொல்லணும்னு இருந்தேன். நீங்க அவசரத்துல இருந்தீங்கோ" என்றார்.

அதோடு இன்னொரு தாளும் எழுதி வெள்ளிக்கிழமை செயலாளர் அம்மாவிடம் கொடுத்தேன். 'எனது முந்தைய அறிக்கை உண்மையல்ல. நான் தனியாகச் சென்றேன். அந்த வீட்டில் பத்து நிமிடம் இருந்தேன். அக்கம்பக்கத்தார் சொல்ல வந்ததைக் கேட்கவில்லை. தாங்கள் கேட்டபோதும் பொய் சொன்னேன்.' அவர் இரண்டு தடவை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புடவையை நான்தானே எடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். தாளை ஃபைலில் வைத்துவிட்டு, "உன்னை இந்த மாசத்துக்கு மேல வச்சிருக்க முடியாதும்மா" என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

கோர்ட் அந்தச் சித்தியிடம் பெண்ணைத் தரக் கூடாது என்று உத்தரவு போட்டது. பதினெட்டு வயதாகும் வரை அவள் இல்லத்திலேயே இருக்க வேண்டும். போலீஸ் போனபோது சித்தி வீடு பூட்டியிருந்ததாம். ஆக, விற்றவள் வெளியே எங்கேயோ இருந்தாள். விற்கப்பட்டவள் உள்ளே. அதையும் 'பாதுகாப்பு' என்றுதான் எழுதினோம்.

என் கடைசி நாளில் தையல் கூடத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். "போறியாக்கா?" என்றாள்.

ஆயா பூட்டில் சாவியை நுழைத்தபடி, "போறேன்னு சொல்லும்மா. உனக்கும் அதான்" என்றாள்.

நான் ஜன்னலைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றேன். ஆயா திட்டவில்லை. ஜன்னலில் நின்றவள் தலையை ஆட்டினாள். நம்பினாள் என்றுதான் நினைக்கிறேன்.

வேலை நீக்கக் கடிதம் தபாலில் வீட்டுக்கு வந்தது. எங்கள் வீட்டுத் தபாலை எல்லாம் பிரிப்பவர் அண்ணா. "போலீஸ் வேன் வந்து போற எடமா அது? இத்தனை நாள் எங்களை முட்டாளாக்கிண்டு இருந்திருக்கே" என்றார். செருப்பை ஒளிக்கவில்லை, அதை விடச் சுலபமான வழி அவரிடம் இருந்தது. தை பிறந்ததும் எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வந்த இடத்தில் நல்ல மனிதர்கள்தான். 'முன்னே ஸ்கூல்ல வேலை பாத்தா' என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

அவள் அந்த மதிலுக்குள் இன்னும் ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தாள். அந்த நாட்களில் நான் எத்தனையோ முறை, பூஜைக்கோ ஜவுளிக்கோ யாராவது கூட வர, அதே பஸ்ஸில் அந்தப் பாலத்தைத் தாண்டிப் போயிருக்கிறேன். இல்லம் இருந்த தெரு முனையில் பஸ் நிற்கும். புங்க மரம் தெரியும். யாரைப் பார்க்க, எதற்கு, எப்படித் தெரியும் என்று பக்கத்தில் இருப்பவர் கேட்டால் என்ன சொல்வது என்று நினைப்பதற்குள் விசில் ஊதிவிடுவார்கள். திரும்பி வருவதற்கு அவள் வேலி தாண்டினாள், கடலோரம் நடந்தாள், தன் மேல் தானே கேஸ் போட்டுக்கொண்டாள். எனக்கு ஒரு ஸ்டாப்பில் இறங்கினால் போதும். நான் இறங்கவில்லை.